சைக்கிள் பந்தயப் படங்களை எந்த வரிசையில் பார்ப்பது

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில், கொடிக்கயிற்றில் நைனாவின் வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டி, சனிக்கிழமை ராத்திரிகளில் சைக்கிள் பந்தயப் படம் போடுகிறேன். மூன்று வருஷமாக நடக்கிறது. நைனா, அக்கா மகன், ஞாயிறு காலையில் என்னோடு பழவேற்காடு வரைக்கும் மிதிக்கிற நான்கு பேர். இவ்வளவுதான் கூட்டம்.

முதல் ராத்திரி ஒரு முழுப் பந்தயத்தின் வீடியோவை எடுத்தவுடனே போட்டுவிட்டேன். நாலு மணி நேரம். அரை மணியில் அக்கா மகன், "மாமா, யாரு ஜெயிக்கிறாங்கன்னே தெரியல, எல்லாரும் ஒண்ணாவே போய்க்கினு இருக்காங்க" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டான். அவன் சொன்னது சரிதான். கண் பழகிய பிறகு பார்க்க வேண்டியதை நான் முதலிலேயே காட்டிவிட்டேன். அதற்கப்புறம் பல சனிக்கிழமைகள் மாற்றிமாற்றிப் போட்டுப் பார்த்துத்தான் இந்த வரிசை அமைந்தது.

படத்துக்கு முன்னால் காற்றைப் புரிந்துகொள்ள வேண்டும். கார்த்திகை, மார்கழியில் காசிமேட்டிலிருந்து எண்ணூர் பக்கமாக எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஒருமுறை சைக்கிளில் போய்ப் பாருங்கள். வலது பக்கம் கடல். காற்று வலதுகைப் பக்கம், கொஞ்சம் முன்னாலிருந்து வந்து அடிக்கும். தனியாகப் போனால் திருவொற்றியூர் தாண்டுவதற்குள் தொடை கனத்துவிடும். முன்னால் ஒருவர் போக, அவர் பின்சக்கரத்துக்குக் கொஞ்சம் இடதுபுறமாக ஒதுங்கிப் போனால் நம் உழைப்பில் கால்வாசியாவது மிச்சம். மூன்றாவது ஆள் இன்னும் இடது. அப்படியே சாய்வாக ஒரு வரிசை உருவாகும். ஆனால் ரோட்டின் அகலம் தீர்ந்ததும் அதற்கு மேல் வருகிறவருக்குக் காற்று மறைவு கிடையாது. ஓரத்து மண்ணில் காற்றோடு தனியாக மல்லுக்கட்டி, கொஞ்ச நேரத்தில் கழன்றுவிடுவார். சைக்கிள் பந்தயத்தில் பாதிக் கதை இதுதான். கன்டெய்னர் லாரி ஓடுகிற ரோட்டில் இந்தச் சாய்வு வரிசையைச் செய்து பார்க்காதீர்கள். இரண்டு பேர் முன்பின்னாகப் போனாலே புரிந்துவிடும்.

சரி, முதல் படம். 'பிரேக்கிங் அவே', 1979, பீட்டர் யேட்ஸ் இயக்கியது. அமெரிக்காவில் ப்ளூமிங்டன் என்ற ஊரில், கல்லுடைக்கும் குடும்பத்துப் பையன் ஒருவன் இத்தாலியப் பந்தய வீரர்கள் மேல் பைத்தியமாக இருக்கிறான். திரைக்கதைக்கு ஆஸ்கர் வாங்கிய படம். பந்தயம் பற்றி ஒன்றும் தெரியாதவரும் உட்கார்ந்து பார்ப்பார், அதனால்தான் முதலில். நெடுஞ்சாலையில் அவன் ஒரு லாரியின் பின்னால் ஒட்டிக்கொண்டு பறக்கிற காட்சி வந்ததும் நைனா நிமிர்ந்து உட்கார்ந்தார். இருபத்தாறு வருஷம் தண்டையார்பேட்டையிலிருந்து மணலிக்கு வேலைக்கு சைக்கிளில் போனவர். "வாடைக் காத்துல நானும் எதனா வண்டி பின்னாலயே போயிடுவேன்டா" என்றார். எனக்கு அதுவரை தெரியாத விஷயம். அப்புறம், அவன் உயிராக நினைத்த இத்தாலியர்களே அவன் சக்கரத்தில் பம்பை விட்டு விழவைக்கும் இடம். அன்றைக்கு நைனா படம் முடிகிறவரை பேசவே இல்லை.

வீட்டில் சின்னப் பிள்ளைகளோ பாட்டிகளோ இருந்தால் அடுத்தது 'தி டிரிப்லெட்ஸ் ஆஃப் பெல்வில்', 2003. சில்வேன் ஷோமேயின் அனிமேஷன். வசனம் கிட்டத்தட்ட இல்லை, அதனால் சப்டைட்டில் தொல்லையும் இல்லை. மூன்று சக்கர சைக்கிளில் விசில் ஊதிக்கொண்டே பேரனின் பின்னால் வருகிற பாட்டியை எங்கள் தெருவில் எல்லோருக்கும் பிடித்துப்போனது.

இப்போது முக்கியமான படம். 'எ சண்டே இன் ஹெல்'. டென்மார்க்கின் யோர்கன் லெத், 1976-ஆம் வருஷத்து பாரிஸ்-ரூபே பந்தயத்தைப் பல கேமராக்களும் ஹெலிகாப்டரும் வைத்து எடுத்தது. ஒரே நாளில் 250 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் பந்தயம். வடக்கு பிரான்சின் பழைய கருங்கல் பாவிய வயல் ரோடுகள்தான் அதன் உயிர். ஒரு மெக்கானிக் நிதானமாக சைக்கிளைத் துடைப்பதில் படம் தொடங்குகிறது. அவசரப்பட்டு ஓட்டிவிடாதீர்கள், அந்த நிதானத்திலேயே உங்கள் கண் பழக ஆரம்பிக்கும். பந்தயத்துக்குக் குறுக்கே வேலைநிறுத்தக்காரர்கள் வந்து நிற்பது, கற்களிலிருந்து கிளம்பும் புழுதி, கடைசியில் ரூபே மைதானத்துக் குளியலறையில் வீரர்கள் உடம்பு கழுவுவது என்று எல்லாம் இருக்கிறது. எடி மெர்க்ஸ், மோசர், டி விளமிங்க் என்று பெரிய பெயர்களின் மேல் கேமரா சுற்றிக்கொண்டே இருக்கும். மார்டென்ஸ் என்ற நட்சத்திரம் விழுந்து விலகிவிடுவார். ஜெயிப்பதோ அவருடைய அணியில் அவருக்காக உழைக்கிற மார்க் டெமேயர்! இந்தப் பெயரை யாருக்கும் முன்கூட்டிச் சொல்லாதீர்கள்.

அது பிடித்துவிட்டால் லெத் அதற்கு முன்பே எடுத்த 'ஸ்டார்ஸ் அண்ட் வாட்டர்கேரியர்ஸ்'. 1973 இத்தாலியச் சுற்றுப் பந்தயம். முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை மெர்க்ஸ்தான் முன்னணி, அதனால் யார் ஜெயிப்பார் என்ற பதற்றமே கிடையாது. நிம்மதியாகத் தண்ணீர் சுமக்கிறவர்களைப் பார்க்கலாம். தலைவருக்கு பாட்டில் கொண்டுவருவது, காற்றில் முன்னால் நின்று தேய்வது, தன் சக்கரத்தையே கழற்றிக் கொடுப்பது என்று இப்படியே பிழைக்கிறவர்கள் பந்தயத்தில் பாதிக்கு மேல். இவர்களைப் பார்க்கத் தெரிந்துவிட்டால் சைக்கிள் பந்தயம் என்றைக்குமே அலுக்காது என்று நான் முழுமனதாக நம்புகிறேன். நேரம் குறைவென்றால் லூயி மாலின் 'விவ் ல தூர்', 1962, பதினெட்டே நிமிஷம். தாகத்தில் வீரர்கள் கடைகளுக்குள் புகுந்து பாட்டில்களை அள்ளிக்கொண்டு ஓடுவது அதில் இருக்கிறது.

'தி லாஸ்ட் ரைடர்', 2023. மூன்று வாரம் பிரான்ஸைச் சுற்றி ஓடும் டூர் தி பிரான்ஸில், கிரெக் லெமாண்ட் என்ற அமெரிக்க வீரரின் 1989 கதை. 3,285 கிலோமீட்டர் ஓடி 8 விநாடி வித்தியாசத்தில் முடிந்த பந்தயம். விளையாட்டே பிடிக்காதவரும் பார்ப்பார்.

டூர் பற்றிய நெட்ஃபிளிக்ஸின் 'அன்செயின்ட்' தொடரைப் பலர் முதலில் பார்க்கச் சொல்கிறார்கள். முகங்கள் பழகுவதற்கு நல்லதுதான். ஆனால் துண்டுதுண்டாக வெட்டிக் காட்டுவதால் காற்று கண்ணில் படாது. நான் பின்னால்தான் வைப்பேன்.

இனி முழுப் பந்தய வீடியோ. முதலில் 2013 டூரின் 13-ஆவது நாள். சமதளம், பக்கக் காற்று. எக்ஸ்பிரஸ் ரோட்டில் நீங்கள் பட்ட அதே பாடு, ஐரோப்பிய வயல்களுக்கு நடுவே. ஒட்டுமொத்தத்தில் இரண்டாவதாக இருந்த வால்வெர்டேயின் சக்கரம் கெட்டு நின்றபோது அவர் அணியினர் அவருக்காகப் பின்தங்கினார்கள். அப்படியும் கூட்டத்தை எட்டிப்பிடிக்க முடியாமல் பத்து நிமிஷத்துக்குக் கிட்டே இழந்தார். வர்ணனையின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, ஒரே ஒரு அணியின் ஜெர்சியைத் தேர்ந்தெடுத்து, அதில் எத்தனை பேர் மிச்சம் என்று மட்டும் எண்ணிக்கொண்டு வாருங்கள். அக்கா மகன் திரும்ப மேலே ஏறி வந்தது இந்த வீடியோவுக்குத்தான்.

அடுத்து 2021 அக்டோபர் 2, பெண்களுக்கான முதல் பாரிஸ்-ரூபே. லிசி டெய்க்னன் 80 கிலோமீட்டருக்கு மேல் தனியாக ஓட்டி ஜெயித்தார். கையுறை இல்லாத உள்ளங்கை, ஹேண்டில் டேப்பில் ரத்தம். மறுநாள் ஆண்கள் பந்தயம், மழையும் சேறும். இரண்டையும் ஒரே வாரத்தில் பாருங்கள்.

ஊக்கமருந்துப் படங்களைக் கடைசிக்குத் தள்ளுங்கள். 'தி ஆர்ம்ஸ்ட்ராங் லை', 2013, போதும். லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் என்ற வீரரிடமிருந்து பறிக்கப்பட்ட ஏழு டூர் பட்டங்களின் கதை. இந்த விளையாட்டின் மேல் பாசம் வருவதற்கு முன்னால் அதைப் பார்த்தால், மலை ஏறுகிற ஒவ்வொருவரையும் சந்தேகத்தோடுதான் பார்ப்போம்.

அது முடிந்த மறு வாரம், 1976 பாரிஸ்-ரூபே படத்தையே இன்னொரு தடவை போடுங்கள். இந்த முறை டெமேயரைத் தொடக்கத்திலிருந்தே கூட்டத்துக்குள் தேடுங்கள்.