வாட்கின்ஸ் கிளென் போகிறீர்களா? ஒரு மணி நேரம் போதாது

நியூஜெர்சியிலிருந்து நயாகராவுக்குக் காரில் போகும் தமிழ்க் குடும்பங்கள் பல, வழியில் வாட்கின்ஸ் கிளெனில் "சும்மா ஒரு மணி நேரம்" இறங்குகின்றன. கூட்டத்தோடு கூட்டமாக முதல் அருவிவரை நடந்து, நாலு படம் எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். நியூயார்க் மாநிலத்தின் ஃபிங்கர் லேக்ஸ் பகுதியில், செனக்கா ஏரியின் தெற்கு முனையில் இருக்கிறது இந்த ஊர். மக்கள்தொகை 2,000-ஐத் தொடாது. ஊர்தான் சின்னது. ஓடை பாறையைக் குடைந்துகொண்டு போகும் பள்ளத்தாக்குக்கும், 38 மைல் நீள ஏரிக்கும், இரு கரையிலும் இருக்கும் திராட்சைத் தோட்டங்களுக்கும் ஒரு முழு நாளே இழுபறிதான்.

முதல் தவறு மேப்பிலேயே நடக்கும். ஊருக்கு வெளியே இருக்கும் கார்ப் பந்தயத் தளத்துக்கும் இதே பெயர்தான். 1961 முதல் 1980 வரை அமெரிக்க ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்த இடம் அது. அருவிக்கு என்றால் 'ஸ்டேட் பார்க்' என்பதையும் சேர்த்துத் தட்டுங்கள். பார்க்கின் பிரதான வாசல் ஊர்க் கடைத்தெருவான ஃபிராங்க்ளின் ஸ்ட்ரீட்டிலேயே இருக்கிறது. இப்போதும் அங்கே வேறு கார்ப் பந்தயங்கள் உண்டு; அவை நடக்கும் வாரக்கடைசியில் அறை கிடைப்பதே பெரும்பாடு. தேதியும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அறை போடுமுன் அதைப் பார்த்துவிடுவது நல்லது.

பள்ளத்தாக்குப் பாதையில் 832 கல்படிகள், 19 அருவிகள். நீளம் ஏறக்குறைய இரண்டு மைல், ஏற்றம் 400 அடி. கீழ் வாசலில் தொடங்கி, மேலே போய், அதே வழியில் திரும்புவது வீண் சிரமம். ஷட்டில் பஸ் ஓடும் நாளாக இருந்தால் மேல் வாசலுக்கு அதில் போய் நடந்து இறங்கலாம். எல்லா நாளும் ஓடும் என்று நம்பிப் போகாதீர்கள், முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மட்டும் இந்த யோசனை பொருந்தாது. ஈரப் படியில் இறங்குவதுதான் அவர்களுக்குக் கஷ்டம். போதாததற்கு, மேல் முனையில் 'ஜேக்கப்ஸ் லேடர்' என்ற 180 படிகள் வேறு.

முழுத் தூரமும் வேண்டாம் என்பவர்கள் கீழ் வாசலில் தொடங்கி மைல் பாயின்ட் பாலம்வரை போனால் போதும். நீர்த்திரைக்குப் பின்னால் நடந்து போகிற கேவர்ன் கேஸ்கேட், ரெயின்போ ஃபால்ஸ் இரண்டும் அதற்குள் வந்துவிடும். அந்தப் பாலத்திலிருந்து மேலேறி, பள்ளத்தாக்கின் மேல் விளிம்பு வழியாக வாசலுக்குத் திரும்பலாம். அங்கே கூட்டமும் குறைவு, தரையும் காய்ந்திருக்கும். ரெயின்போ ஃபால்ஸில் வானவில் பார்க்க வெயிலுள்ள பிற்பகலில் போக வேண்டும். காலையில் போனால் வானவில் கிடைக்காது, பார்க்கிங் கிடைக்கும்.

சாதாரணச் செருப்போடு போவது பெரிய தவறு. மழையே பெய்யாவிட்டாலும் பாதை காயாது. அருவிச் சாரல் ஒரு பக்கம், பாறை அடுக்குகளுக்கு நடுவிலிருந்து கசியும் தண்ணீர் ஒரு பக்கம். நடந்து நடந்து வழவழப்பான கல்லில் தேய்ந்த ரப்பர் பிடிக்காது. குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு போகவே முடியாது, தூக்கிச் சுமக்க வேண்டியதுதான். நாய்க்குப் பள்ளத்தாக்கில் அனுமதி இல்லை, விளிம்புப் பாதையில் கயிறோடு கூட்டிப் போகலாம். ஓடையில் இறங்கிக் குளிக்கவும் தடை.

குளிர்காலத்தில் வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களும் உண்டு. நவம்பரில் மூடினால் மே நடுவில்தான் பள்ளத்தாக்கைத் திறப்பார்கள். வெறும் பனிக்காக இல்லை. அடுக்கடுக்கான பாறையின் இடுக்கில் தண்ணீர் உறைந்து விரியும், உருகும், மறுபடி உறையும். இதில் கற்கள் தளர்ந்துபோகும். வசந்தத்தில் ஆட்கள் பாறைச் சுவரில் தொங்கியபடி தளர்ந்த கல்லையெல்லாம் தட்டி விழவைத்த பிறகுதான் மக்களை விடுவார்கள்.

அடுத்தது ஒயின். செனக்கா ஏரியின் ஆழம் 618 அடி. கோடையில் வாங்கிய சூட்டைக் குளிர்காலம் முழுக்க மெல்ல விடுவதால் கரைச் சரிவில் திராட்சைக் கொடிகள் பிழைக்கின்றன. இங்கே பேர்போனது ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின். மேற்குக் கரையில் ரூட் 14, கிழக்குக் கரையில் ரூட் 414, இரண்டிலும் ஒயின் ஆலைகள் வரிசையாக வரும். எதிர்க்கரை கண்ணுக்கெதிரே, மூன்று மைல்கூட இல்லாமல் தெரியும். ஆனால் நடுவில் பாலம் கிடையாது. கரை மாற வேண்டுமானால் வாட்கின்ஸ் கிளெனுக்குத் திரும்ப வேண்டும், இல்லையென்றால் வடமுனையில் ஜெனீவாவைச் சுற்ற வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு கரை, மூன்று ஆலைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவை மாலை ஐந்து, ஆறு மணிக்கே மூடிவிடும். எட்டுப் பேருக்கு மேல் போவதானால் முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள்.

ஆலையில் ருசி பார்க்கும் டேஸ்டிங்கில் இனிப்பு ஒயினை முதலில் கேட்டுவிடாதீர்கள். அதன் பிறகு குடிக்கும் டிரை, அதாவது இனிப்பில்லாத, ரீஸ்லிங் வெறும் புளிப்பாகத்தான் தெரியும். டிரையில் தொடங்கி இனிப்பில் முடியுங்கள். மேஜைமேல் இருக்கும் குவளை துப்பவும் மிச்சத்தை ஊற்றவும்தான், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. வயது 21 ஆகியிருக்க வேண்டும், அடையாள அட்டை கேட்பார்கள். நியூயார்க்கில் ரத்தத்தில் ஆல்கஹால் 0.08 சதவீதம் ஆகும்வரை கவலையில்லை என்று நினைப்பதும் தவறு. 0.05-ஐத் தாண்டினாலே வண்டி ஓட்டுவது சட்டமீறல். ஓட்டுகிறவர் குடிக்காமல் இருக்கட்டும்.

ரூட் 414-இல் ஊரைத் தாண்டிச் சில நிமிடத்தில் சாலையோரமாகவே ஹெக்டர் ஃபால்ஸ் வரும். பார்த்ததும் திடுமென்று பிரேக் போடாதீர்கள், அங்கே ஓரம் குறுகல், பின்னால் வண்டிகள் வேகமாக வரும்.

பெரியவர்களால் படி ஏற முடியாது என்று பார்க் வாசல் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுப் போகிறவர்கள் நிறைய. தெற்கே மூன்று மைலில் மாண்டூர் ஃபால்ஸ் என்ற ஊர் இருக்கிறது. அங்கே தெருக்கோடியில், வீடுகளுக்கு நடுவே, 156 அடி உயரத்திலிருந்து ஷெக்வாகா அருவி விழுகிறது. டிக்கெட் இல்லை, படி இல்லை. காரை விட்டு இறங்காமலேகூடப் பார்க்கலாம்.