பேக்கிங்கை வெளியே கொடுத்தேன், கூரியர் பில் எகிறியது

திருப்பூரில் குழந்தைகளுக்கான பருத்தி உடைகளை ஆன்லைனில் விற்கிறேன். ஆர்டர் கூடியதும் வீட்டில் பேக்கிங் செய்து மாளவில்லை. சரக்கை வைத்து, கட்டி, கூரியரில் ஏற்றிவிடும் ஒரு கிடங்கிடம் வேலையை ஒப்படைத்தேன். முதல் மாத பில்லைப் பார்த்ததும் பகீரென்றது. ஒரு பார்சல் அரை கிலோகூட இருக்காது. இரண்டரை கிலோவுக்குக் கட்டணம்!

விஷயம் எடையில் இல்லை, பெட்டியில். கூரியர்காரர்கள் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000-ஆல் வகுப்பார்கள். அப்படி வரும் கிலோ கணக்கு, நிஜ எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு. கிடங்கில் எல்லாவற்றுக்கும் 30×25×15 பெட்டி. கணக்குப் போட்டால் 2.25 கிலோ, அடுத்த அரை கிலோவுக்கு ஏற்றினால் 2.5. இரண்டு ஜட்டி, ஒரு சட்டைக்கு இது அநியாயம்.

துணிக்குப் பெட்டியே வேண்டாம், கூரியர் கவர் போதும் என்று ஒப்பந்தத்திலேயே எழுத வைத்தேன். கவர்களை நானே வாங்கி அனுப்புகிறேன். பில் இறங்கிவிட்டது.

அப்புறம் சைஸ் குழப்பம். சைஸ், நிறம் வாரியாக ஒவ்வொரு பாலிதீன் உறையிலும் பார்கோடு ஒட்டி அனுப்பினேன். ஸ்கேன் செய்யாமல் கட்டக் கூடாது என்பது நிபந்தனை. சைஸ் மாறிப் போவது ஏறக்குறைய நின்றுவிட்டது.

இன்னொன்று: சரக்கு வைக்கும் கிடங்கின் முகவரியை ஜிஎஸ்டி பதிவில் கூடுதல் வணிக இடமாகச் சேர்க்க வேண்டும். வெளி மாநிலக் கிடங்கென்றால் அங்கே தனிப் பதிவு. பரிசுப் பெட்டிகளை மட்டும் இன்னமும் வீட்டில்தான் கட்டுகிறோம். ரிப்பன் கட்ட அவர்களுக்குப் பொறுமை இல்லை.