ஆற்றில் இறங்கும் முன் ஜிப்சியின் கரண்ட்டைக் காப்பது எப்படி

தெங்குமரஹாடா கிராமத்துக்குப் போகிற வழியில், மாயாற்றின் நடுவே என் மாருதி ஜிப்சி ஒருமுறை நின்றுவிட்டது. தண்ணீர் பம்பர் வரைகூட ஏறவில்லை. சக்கரத்தின் குடத்தைத் தொட்டுக்கொண்டு ஓடியது, அவ்வளவுதான். இன்னும் இரண்டு வண்டி நீளம் போயிருந்தால் கரை. அக்கரையில் நின்ற டிராக்டரைக் கூப்பிட்டுக் கயிறு கட்டி இழுத்தோம். பானெட்டைத் தூக்கி, கரண்ட்டை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. உள்ளே சுழலும் ரோட்டார் காய்ந்து கிடந்தது. ஆனால் மூடியின் வெளிப்புறம், பிளக் வயர்கள் ஏறும் இடமெல்லாம், எண்ணெய்ப் பிசுக்கோடு சேறு அப்பியிருந்தது.

நான் சத்தியமங்கலத்தில் மோட்டார் வைண்டிங் கட்டுகிறவன். அந்தப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் பம்ப் வேலைக்காக அடிக்கடி போக வேண்டியிருக்கும். வண்டி 1994 மாடல் ஜிப்சி, 970 சிசி, கார்புரேட்டர். ஈரம் மோட்டாரை என்ன செய்யும் என்று தினமும் மெகர் என்ற இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டரை வைத்துப் பார்க்கிறவன் நான். அந்த அறிவை என் சொந்த வண்டியில் அதுவரை பயன்படுத்தாமல் இருந்திருக்கிறேன். பெட்ரோல் வண்டியோடு ஆற்றைக் கடக்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "எதை வைத்து அடைப்பது?" என்றுதான். அடைப்பது இரண்டாவது வேலை. முதல் வேலை துடைப்பது.

காரணத்தைச் சொல்கிறேன். பேட்டரியின் 12 வோல்ட்டை இக்னிஷன் காயில் என்ற கம்பிச் சுருள் 15,000, 20,000 வோல்ட்டாக ஏற்றிக் கொடுக்கிறது. பிளக் முனையில் இருப்பது முக்கால் மில்லிமீட்டர் இடைவெளி. வெளியே காற்றில் அது சாதாரண தூரம். சிலிண்டருக்குள் பிஸ்டன் அழுத்திப் பிடித்திருக்கும் காற்றைத் துளைத்துத் தாண்டுவது கடினம். அந்த நேரத்தில் மூடியின் மேல் ஈரமான அழுக்குப் படலம் ஒன்று இருந்தால், கரண்ட் அதைப் பிடித்துக்கொண்டு என்ஜின் பாடிக்கு ஓடிவிடும். சுத்தமான தண்ணீர் இந்த அளவுக்குக் கடத்தாது. உப்பும் மண்ணும் கலந்த ஈரம்தான் வயர் வேலை செய்கிறது. அதனால்தான் சில வண்டிகள் முழங்கால் தண்ணீரில் தாராளமாகப் போகின்றன, சில வண்டிகள் நல்ல மழைக்கே இருமுகின்றன.

சரி, வேலைக்கு வருவோம். கழற்றும் முன் வயர்களில் சிலிண்டர் எண்ணை எழுதி ஒட்டுங்கள். ஜிப்சியில் எரியும் வரிசை 1-3-4-2. மாறினால் கரையிலேயே பொழுது போய்விடும். மூடியைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் பழைய பல் பிரஷ்ஷால் உள்ளும் புறமும் தேய்த்து, நன்றாகக் கழுவி, ஒரு நாள் நிழலில் காய வையுங்கள். காய்ந்ததும் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். பென்சிலால் கிழித்ததுபோல் மெல்லிய கறுப்புக் கோடு எங்காவது ஓடினால் அது அழுக்கு இல்லை. கரண்ட் ஓடி ஓடிக் கருகிய தடம். அதைச் சுரண்டிச் சரிசெய்யலாம் என்று நினைக்காதீர்கள். மூடியை மாற்றுங்கள். என் மூடியில் இரண்டு கோடுகள் இருந்தன.

அடுத்தது பிளக் வயர். வளைத்துப் பார்த்தால் மேல்தோலில் வெடிப்புத் தெரிகிறதா? முனையில் இருக்கும் ரப்பர் தொப்பி பிளக்கின் பீங்கானை இறுக்கிப் பிடிக்கிறதா, தளர்ந்து ஆடுகிறதா? சந்தேகம் இருந்தால் ஐந்து வயரையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். நான்கு பிளக்குக்கு, ஒன்று காயிலிலிருந்து வருவது.

இதையெல்லாம் முடித்த பிறகு ஒரு சோதனை. இதற்கு மெகர் வேண்டாம், இருட்டு போதும். இரவில் வண்டியைத் திறந்த இடத்தில் நிறுத்தி, ஐடிலில் ஓடவிட்டு, பானெட்டைத் தூக்கி எல்லா விளக்கையும் அணையுங்கள். சலூனில் முடிக்குத் தண்ணீர் அடிக்கும் பாட்டில் இருக்கிறதே, அதில் தண்ணீர் நிரப்பி, கையை எட்ட வைத்து, மூடி மேலும் வயர்கள் மேலும் பனிபோல் தூவுங்கள். கசிவு இருக்கும் இடத்தில் நீலமாக மின்மினி போல் துடிக்கும், 'டிக் டிக்' சத்தமும் கேட்கும். அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, என்ஜினை நிறுத்திவிட்டுச் சரிசெய்யுங்கள். ஓடும்போது வயரைத் தொடாதீர்கள். ஃபேன் பெல்ட் பக்கம் சட்டையோ துண்டோ தொங்கக் கூடாது. எதுவும் துடிக்காத இரவில்தான் அடைக்கும் வேலைக்குப் போக வேண்டும். அழுக்கின் மேல் அடைத்தால் அழுக்கைத்தான் பாதுகாக்கிறோம்.

அடைப்பதற்கு எனக்குப் பிடித்தது சிலிக்கான் கிரீஸ். வீல் பேரிங்குக்கு வைக்கும் கிரீஸ் இல்லை, அது ரப்பரை ஊதிப்போகச் செய்யும். பிளக் தொப்பிக்குள் விளிம்பைச் சுற்றி மெல்லிய வளையமாகத் தடவி ஏற்றுங்கள். மூடியில் வயர் இறங்கும் குழிகளுக்கும் காயில் தலைக்கும் அப்படியே. உலோகமும் உலோகமும் தொடும் இடத்தில் அப்ப வேண்டாம். மூடியும் பாடியும் சேரும் விளிம்பிலும் ஒரு மெல்லிய கோடு போதும்.

கடையில் டியூபில் கிடைக்கும் சிலிக்கான் பசையை வாங்கி மூடி முழுக்கப் பூசுகிறவர்கள் உண்டு. என் வண்டிக்கும் ஒரு மெக்கானிக் அப்படிச் செய்து கொடுத்தார். காடி வாசனை அடிக்கும் ரகம் அது. காய்கிறபோது அமிலம் விடும், பித்தளை முனைகளைப் பச்சையாக்கிவிடும். அதைவிடப் பெரிய கோளாறு, அடியில் இருந்த காற்றுத் துளையையும் அவர் சேர்த்து அடைத்திருந்தார். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஒவ்வொரு பொறிக்கும் கொஞ்சம் ஓசோன் உண்டாகிறது. அது வெளியேற வழி வேண்டும். வழி இல்லையென்றால் உள்ளே இருக்கும் ஈரத்தோடு சேர்ந்து எல்லாவற்றையும் அரிக்கும். காலையில் மூடியின் உட்புறம் வியர்த்து நிற்கும். அமெரிக்க ராணுவத்துக்காக 1950-ல் வந்த வில்லிஸ் எம்38 ஜீப்பில் 24 வோல்ட் மின்சாரம், தண்ணீர் புகாத டிஸ்ட்ரிபியூட்டர், உறை போட்ட வயர்கள் எல்லாம் உண்டு. அதற்குக்கூட மூச்சுக்குழாய் வைத்து ஏர் கிளீனரோடு இணைத்திருந்தார்கள். ஆகவே அந்தத் துளையைத் தேடிக் கண்டுபிடித்துத் திறந்தே வையுங்கள்.

மூடிக்கு மேல் போடும் சட்டை, பாத்திரம் தேய்க்கும்போது மாட்டுகிற தடித்த ரப்பர் கையுறை. பழைய ஜீப்காரர்களின் வழி இது, நாலு சிலிண்டர் வண்டிக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும்: ஐந்து விரல், ஐந்து வயர். விரல் நுனிகளை வயரின் தடிமனைவிடச் சின்னதாக வெட்டி, வயர்களை ஒவ்வொன்றாக நுழைத்து, மூடியில் செருகிய பிறகு கையுறையைக் கீழே இழுத்துப் போர்த்துங்கள். விரல்களைச் சைக்கிள் டியூப் கீற்றால் சுற்றிக் கட்டலாம். மணிக்கட்டுப் பக்கம் கீழ்நோக்கித் தொங்க வேண்டும், அதை இறுக்கிக் கட்டக் கூடாது. வியர்வை வடியவும் மூச்சு விடவும் அதுதான் வழி. சைலன்சர் மேனிஃபோல்டிலோ பெல்ட்டிலோ படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சூட்டில் ரப்பர் வெடிக்கும் என்பதால் நான் ஆற்றுப் பயணத்துக்கு மட்டும் போட்டுக் கழற்றிவிடுவேன்.

காயில் தாழ்வாக இருந்தால் உயரே மாற்றுங்கள். என் வண்டியில் ஒரு பட்டைத் தகடும் இரண்டு போல்ட்டும் போதுமானதாக இருந்தது. ஏர் கிளீனரின் மூக்கு எந்த உயரத்தில் காற்று இழுக்கிறது என்பதையும் அளந்து மனதில் வையுங்கள். அதற்கு ஒரு சாண் கீழே வரைதான் உங்கள் ஆறு.

இனி கரையில். தெங்குமரஹாடா வழிக்கு வனத்துறை அனுமதி வேண்டும், அது இல்லாமல் கிளம்பாதீர்கள். மற்ற இடங்களில் இறங்கி நடந்து ஆழம் பார்ப்பதுதான் சரியான முறை. மாயாற்றில் முதலை உண்டு, அதனால் இங்கே பரிசல்காரரைக் கேட்பேன். மேலே மின்நிலையத்தில் தண்ணீர் விட்டால் வெயில் நாளிலும் ஆறு ஏறும். ஒருமுறை நான் வண்டியைக் கீழே இறக்கும்போதே ஒருவர் கையைக் காட்டினார்: "தண்ணி ஏறுதுங்கண்ணா, இருந்து போலாமுங்க." அன்று வண்டியைக் கரையிலேயே விட்டுவிட்டுப் பரிசலில் போனேன். ஓட்டம் வேகமாக இருந்து முழங்காலுக்கு மேல் வந்தால், எவ்வளவு கிரீஸ் பூசியிருந்தாலும் இறங்காதீர்கள்.

இறங்கும் முன் கால் மணி நேரம் என்ஜினை நிறுத்தி ஆற விடுங்கள். இதைப் பலர் பொருட்படுத்துவதில்லை, எனக்கு இதுதான் மிக முக்கியம். சூடாக இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் குளிர்ந்த நீர் பட்டதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கும். சுருங்கும்போது எந்தச் சந்து கிடைத்தாலும் அதன் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். நாள் முழுக்க ஓடிச் சூடான மோட்டார் மேல் மாலை மழை பெய்து, மறுநாள் காலை அது வைண்டிங் எரிந்து என் மேஜைக்கு வருவது இந்தக் காரணத்தால்தான்.

முன்பக்கம் கிரில்லை மறைத்து ஒரு படுதாவைக் கட்டுங்கள். பெல்ட்டில் ஓடும் ஃபேன் தண்ணீரை அள்ளி நேராக டிஸ்ட்ரிபியூட்டர் மேல் வீசுகிறது. பெரும்பாலான வண்டிகள் நிற்பது ஆழத்தால் இல்லை, இந்த வீச்சால். படுதா இருந்தால் வண்டி முன்னால் ஓர் அலையைத் தள்ளிக்கொண்டே போகும், பானெட்டுக்குள் நீர்மட்டம் தாழ்ந்து நிற்கும். லோ ரேஞ்சில் இரண்டாவது கியர், மனிதன் வேகமாக நடக்கும் வேகம், ஒரே அளவு ஆக்சிலரேட்டர். நடுவில் கிளட்ச்சை மிதிக்காதீர்கள், நிற்காதீர்கள். அக்கரை ஏறியதும் படுதாவை அவிழ்க்க மறந்தால் ரேடியேட்டர் கொதிக்கும்.

ஒருவேளை நின்றுவிட்டால்? சாவியை ஆஃப் செய்துவிட்டுக் கையை எடுங்கள். மறுபடி ஸ்டார்ட் அடிக்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் அது அமுங்காது, பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராடு வளையும். இழுத்துக் கரை சேர்த்து ஏர் கிளீனரைத் திறந்து பாருங்கள். ஃபில்டர் நனைந்திருந்தால் நான்கு பிளக்கையும் கழற்றி, காயிலுக்குச் சாவியிலிருந்து வரும் சின்ன வயரைப் பிடுங்கிவிட்டு, அப்புறம் ஸ்டார்ட்டரைச் சுற்றித் தண்ணீரை வெளியே தள்ளுங்கள். காயிலிலிருந்து மூடிக்கு வரும் பெரிய வயரை மட்டும் பிடுங்கித் தொங்கவிட்டால், பிளக் துளை வழியாக வரும் பெட்ரோல் ஆவியில் பொறி விழும்.

ஃபில்டர் காய்ந்திருந்தால் கோளாறு கரண்ட்டில்தான். காயில் வயர், மூடி, ரோட்டார், பிளக் தொப்பிகள் என்று வரிசையாகப் பருத்தித் துணியால் துடையுங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் கரண்ட்டை விட்டு விட்டு வெட்டும் பாயிண்ட் உள்ள வண்டியானால் வெள்ளைத் தாள் துண்டு ஒன்றைப் பாயிண்ட்டின் நடுவே வைத்து இழுங்கள், ஈரம் தாளோடு வந்துவிடும். டபிள்யூடி-40 ஸ்ப்ரே இந்த இடத்தில் உதவும். 1953-ல் அதைத் தண்ணீரை விரட்டத்தான் உருவாக்கினார்கள். ஆனால் மூடிக்குள் அடித்தால் ஐந்து நிமிடம் திறந்தே வைத்து ஆவி போன பிறகு மாட்டுங்கள். ஆவியோடு மூடினால் முதல் பொறியில் மூடி வெடித்துச் சிதறலாம்.

2020-லும் அதற்குப் பிறகும் வந்த பெட்ரோல் மஹிந்திரா தார் போன்ற வண்டிகளுக்குக் கையுறை தேவையில்லை, டிஸ்ட்ரிபியூட்டரே கிடையாது. ஒவ்வொரு பிளக்குக்கும் தலையில் ஒரு காயில். தாருக்கு 650 மில்லிமீட்டர் வரை இறங்கலாம் என்று நிறுவனமே சொல்கிறது. அதில் பார்க்க வேண்டியது காயிலுக்கு அடியில் இருக்கும் ரப்பர் வளையமும் கனெக்டர்களின் சீலும். வாட்டர் சர்வீஸில் பானெட்டுக்குள் அழுத்தமாகப் பீய்ச்ச விடாதீர்கள். ஆறு செய்யாத கெடுதலை அது செய்யும்.

வீடு திரும்பிய இரவே கையுறையைக் கழற்றி, மூடியைத் திறந்து ஒரு மணி நேரம் காற்றாட விடுங்கள். பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டருக்குள் போன வண்டல் காய்ந்தால் கார்பன் பிரஷ்ஷைத் தேய்த்துத் தின்றுவிடும். குழாய்த் தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவிவிட்டு, கொஞ்ச நேரம் என்ஜினை ஓடவிட்டுக் காய வையுங்கள். மறுநாள் காலை சாவி போடும் முன் டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் ஸ்டார்ட் செய்யாமல் முதலில் ஆயிலை வடியுங்கள்.