பேஸ் கிட்டார் பிக்கப் மாற்றுவது எப்படி? உப்புக்காற்று ஊரிலிருந்து ஒரு செய்முறை

கடலூர் தேவனாம்பட்டினத்தில் கடலைப் பார்த்து ஜன்னல் வைத்த வீட்டில் துருவுக்குப் பாரபட்சம் கிடையாது. பூட்டு, சைக்கிள் செயின், தையல் இயந்திரம் என்று வரிசையாக ஏறி, கடைசியில் பேஸ் கிட்டாரிலும் ஏறிவிடும். ஜூன் 21 அன்று புதுச்சேரித் தெருக்களில் நடக்கும் இசைத் திருநாளில் வாசிக்க வேண்டிய எதிர்வீட்டுத் தம்பி, இரண்டு வாரம் முன்பு கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அண்ணா, இரண்டு பிக்கப்பும் போய்விட்டன. ஒரு ஜோடி வாங்க வேண்டும்" என்றான். கடைசியில் வாங்கியது ஒன்றுதான். அவன் கிட்டாரில் செய்ததை அதே வரிசையில் எழுதுகிறேன். சால்டரிங் அயர்னை (ஈயப் பற்று வைக்கும் சூட்டுக்கோல்) இதுவரை தொடாதவர்களும் செய்யலாம்.

உள்ளே என்ன இருக்கிறது

பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று செப்புக் கம்பி, அவ்வளவுதான். இரும்புத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது, கம்பிச் சுருளில் சிறு மின்னோட்டம் பிறக்கிறது. கம்பியின் தடிமன் சுமார் 0.06 மி.மீ., ஏறக்குறைய தலைமுடி. தம்பியுடையது ஃபெண்டர் நிறுவனம் 1960இல் கொண்டுவந்த ஜாஸ் பேஸ் மாதிரியில் செய்தது. கழுத்துப் பக்கம் (முன்) ஒன்று, தந்திகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜ் பக்கம் (பின்) ஒன்று என இரண்டு பிக்கப், இரண்டு வால்யூம் குமிழ், ஒரு டோன் குமிழ். அதே நிறுவனத்தின் பிரிசிஷன் பேஸ் மாதிரியில், 1957க்குப் பிறகு, பிக்கப் இரண்டு துண்டாகப் பிளந்து முன்னும் பின்னுமாக இருக்கும்.

உங்கள் கிட்டாரில் 9 வோல்ட் பேட்டரி இருந்தால் அது ஆக்டிவ் வகை, அதாவது உள்ளேயே சிறு மின்சுற்று வைத்தது. முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். பாதிப் பேருடைய சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும். கேபிளின் பின்னைக் கிட்டாரின் ஜாக்கில் (கேபிள் செருகும் துளை) அப்படியே செருகி வைத்திருந்தால் பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கீழே சொல்லும் அளவுகள் பேட்டரி இல்லாத கிட்டாருக்கு மட்டும்.

திறக்காமலே சோதனை

ஆம்ப்ளிஃபயரைக் குறைந்த ஒலியில் வைத்து, ஸ்குரூடிரைவர் நுனியால் பிக்கப்பின் காந்த முனைகளை மெல்லத் தொடுங்கள். "டொக்" என்று கேட்டால் உயிர் இருக்கிறது. தம்பியின் கிட்டாரில் முன் பிக்கப் கேட்டது, ஆனால் கரகரவென்று விட்டுவிட்டு. பின் பிக்கப் மௌனம்.

அடுத்து மல்டிமீட்டர். என்னுடையது புதுச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கிய பழைய மீட்டர். இந்த வேலைக்கு அது போதும். கேபிளின் ஒரு முனையைக் கிட்டாரில் செருகி, மறுமுனையை ஆம்ப்ளிஃபயரில் செருகாமல் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மீட்டரை 20 கிலோ ஓம் நிலைக்குத் திருப்பி, ஒரு முள்ளைப் பின்னின் நுனியிலும் இன்னொன்றை அதன் உடலிலும் வையுங்கள். ஒரு வால்யூமை முழுதாகத் திறந்து மற்றதைப் பூஜ்ஜியத்தில் வைத்தால் ஒவ்வொரு பிக்கப்பையும் தனியாக அளக்கலாம். ஜாஸ் பேஸ் பிக்கப் ஏறக்குறைய 7 முதல் 8 வரை காட்டும். பிரிசிஷன் வகை 10, 11 பக்கம் வரும். எங்களுக்கு முன் பிக்கப் 6.9 காட்டியது. வால்யூம் பாட்டும் (குமிழுக்கு அடியில் இருக்கும் மாறுதடை) கணக்கில் சேர்வதால் சற்றுக் குறையும், கவலை வேண்டாம். பின் பிக்கப்புக்கு மீட்டர் இடப்பக்கம் ஒற்றை "1" காட்டி நின்றது. உள்ளே எங்கோ கம்பி அறுந்திருக்கிறது என்று பொருள்.

கத்திரி வெயிலில் அளந்தால் எண் கொஞ்சம் கூடும். 10 டிகிரி ஏறினால் செப்பின் மின்தடை சுமார் 4 சதவீதம் உயரும். மே மாதத்தில் 7.8 காட்டிய பிக்கப் மார்கழியில் 7.5 காட்டினால் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள்.

இரைச்சலையும் கவனியுங்கள். தந்தியைத் தொட்டதும் குறைகிறது என்றால் எர்த் இணைப்பு சரி. தொட்டாலும் மாறவில்லை என்றால் பிரிட்ஜுக்கு அடியில் போகும் எர்த் ஒயர் துருவில் விட்டிருக்கும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மிகத் தடித்த ஈ (E) தந்தியின் மூன்றாவது ஃபிரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த கம்பி) வரும் ஜி (G) சுரம் 49 ஹெர்ட்ஸ். அதனால்தான் அந்த "ம்ம்ம்" பாட்டுக்குள்ளேயே ஒளிந்துகொண்டு, சுருதி விலகிய யாரோ கூட வாசிப்பதுபோல் எரிச்சலூட்டுகிறது.

இதில் ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுக்காதீர்கள். கிட்டார் தந்திகள் ஆம்ப்ளிஃபயரின் எர்த்தோடு இணைந்தவை. திருவிழா மேடையில் மூன்று முள் பிளக்கின் எர்த் வேலை செய்யாவிட்டால், தந்தியில் கை வைத்துக்கொண்டு மைக்கில் உதடு படும்போது ஷாக் அடிக்கும். அதை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

துரு வேலை

கரகரப்புக்குக் காரணம் ஜாக். கழற்றிப் பார்த்தால், பின்னைப் பிடிக்கும் வளைந்த தகட்டில் வெண்பச்சையாகக் களிம்பு படிந்திருந்தது. காண்டாக்ட் கிளீனர் அடித்து, பின்னைப் பத்துப் பதினைந்து முறை செருகி எடுத்து, தகட்டை உள்பக்கம் இம்மியளவு வளைத்தோம். முன் பிக்கப் பிழைத்துக்கொண்டது. வால்யூம் பாட்டிலும் அதே கிளீனர்தான். தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் பக்கம் போகாதீர்கள்.

காந்த முனைகளில் பழுப்புத் துரு இருந்தால் இரும்புப் பஞ்சால் தேய்க்கத் தோன்றும். எனக்கும் ஒருமுறை தோன்றியது. கண்ணுக்குத் தெரியாத இரும்புத் தூள் முழுவதையும் காந்தம் இழுத்துக்கொண்டது. எடுக்கிறேன் பேர்வழி என்று மூடியைக் கழற்றி ஊசியால் நோண்டியதில் கம்பி அறுந்து, நல்ல பிக்கப் என் கையாலேயே போனது. உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்துவிட்டுச் சும்மா இருங்கள். துரு ஒலியைக் கெடுக்காது.

பிரிட்ஜில் தந்தியைத் தாங்கும் சிறு திருகுகள் இறுகியிருந்தால், துரு நீக்கும் எண்ணெயைப் பல்குத்தியால் ஒரு சொட்டு விட்டு இரவு முழுவதும் ஊறவிடுங்கள். மறுநாள் ஆலன் கீ தானாகத் திருப்பும். அவசரப்பட்டால் திருகின் வாய் தேய்ந்துவிடும்.

புதியதை வாங்கும் முன்

பழையதன் நீளத்தை ஸ்கேலில் அளந்துகொள்ளுங்கள். ஜாஸ் பேஸில் பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப் பொதுவாக முன்னதைவிடச் சுமார் 3 மி.மீ. நீளம். சில தயாரிப்புகளில் இரண்டும் ஒரே அளவு. கண்மதிப்பில் வாங்கினால் மரத்தைச் செதுக்க வேண்டியிருக்கும்.

ஒன்று மட்டும் வாங்குபவர்கள் ஒரு திசைகாட்டியும் தேடி எடுங்கள். இரண்டு பிக்கப்பின் காந்த முனைகளும் எதிரெதிராக இருந்து, சுருளும் எதிர்த்திசையில் இருந்தால்தான் இரண்டையும் முழுதாகத் திறக்கும்போது இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகும். முன் பிக்கப் திசைகாட்டியின் வடமுனையை இழுத்தால், புதியது தென்முனையை இழுக்க வேண்டும்.

கழற்றி மாற்றுதல்

தந்திகளைத் தளர்த்தி ஒருபுறம் ஒதுக்குங்கள், கழற்ற வேண்டியதில்லை. பிக்கப்பின் திருகுகளையும் கண்ட்ரோல் தகட்டையும் எடுத்துவிட்டு, எந்த ஒயர் எங்கே போகிறது என்று செல்பேசியில் படம் எடுங்கள். கையில் பிடித்து நான்கு கோணத்தில் எடுங்கள். நினைவில் இருக்கும் என்று நம்பியவர்கள் எல்லாம் பிறகு என்னிடம் வந்தவர்கள்தான்.

பிக்கப்பிலிருந்து இரண்டு ஒயர் வரும். ஒன்று வால்யூம் பாட்டின் காலுக்கு (வெளியே நீட்டியிருக்கும் சிறு உலோக முனை), மற்றது பாட்டின் முதுகில் எர்த்துக்கு. காலுக்கு 25 வாட் அயர்ன் போதும். முதுகு பெரிய உலோகம், சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். 40 வாட் இருந்தால் நல்லது. ரோசின் உள்ளே வைத்த மெல்லிய ஈயக் கம்பியையே பயன்படுத்துங்கள். குழாய் வேலைக்கான அமிலப் பேஸ்ட்டைத் தொட்டால் ஆறு மாதத்தில் பச்சைக் களிம்பு பிடிக்கும், அதிலும் நம் ஊரில்.

அயர்னின் நுனியை ஈர ஸ்பாஞ்சில் துடையுங்கள். புதிய ஒயரின் முனையில் முதலில் கொஞ்சம் ஈயம் பூசிக்கொள்ளுங்கள். பிறகு நுனியைக் காலின்மேல் வைத்துச் சூடேற்றி, ஈயத்தை அயர்னில் வைக்காமல் காலில் வையுங்கள். உருகிப் பரவியதும் எடுத்துவிடுங்கள். மூன்று விநாடிக்குள் முடிய வேண்டும். ஆறும்வரை ஒயர் அசையக் கூடாது. பளபளவென்று சரிந்து பரவியிருந்தால் நல்ல ஒட்டு; மங்கலாக உருண்டை பிடித்திருந்தால் மீண்டும் சூடேற்றுங்கள். ஜன்னலைத் திறந்துவைத்து வேலை செய்யுங்கள், முடித்ததும் கை கழுவுங்கள்.

பிக்கப்புக்கு அடியில் இருந்த ஸ்பாஞ்ச் பிசுபிசுத்துப் போயிருந்தது. பழைய ஹவாய் செருப்பை மெல்லிய பட்டையாக அறுத்து வைத்தோம். தம்பிக்கு அதில் சற்று மனக்குறை.

சேர்த்துக் கேளுங்கள்

தந்திகளை மீண்டும் சுருதி சேர்த்து, இரண்டு வால்யூமையும் முழுதாகத் திறந்தோம். தனித்தனியே கம்பீரமாகக் கேட்டவை, சேர்ந்தவுடன் மூக்கடைத்தவர் பேசுவதுபோல் மெலிந்துவிட்டன. பயப்பட ஒன்றுமில்லை, இரண்டும் எதிர்க்கட்டத்தில் இருக்கின்றன, அதாவது ஒன்றின் அலை ஏறும்போது மற்றதன் அலை இறங்குகிறது. புதிய பிக்கப்பின் இரண்டு ஒயர்களையும் ஒன்றுக்கொன்று இடம் மாற்றிச் சால்டர் வைத்தோம். அடிஒலி திரும்பியது, இரைச்சலும் அடங்கியது. பிக்கப்பில் உலோக மூடி எர்த் ஒயரோடு இணைந்திருந்தால் மட்டும் இப்படி மாற்றக் கூடாது.

மிச்சம் உயரம். கடைசி ஃபிரெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்து, தந்திக்கும் காந்த முனைக்கும் இடையே தடித்த ஈ தந்திப் பக்கம் சுமார் 3 மி.மீ., மெல்லிய ஜி தந்திப் பக்கம் 2.5 மி.மீ. வருமாறு திருகுகளைச் சரிசெய்யுங்கள். ஒலி கூட வேண்டும் என்று இன்னும் நெருக்கினால் காந்தம் தந்தியையே இழுக்கும், ஈ தந்தி தள்ளாடும். தம்பி நெருக்கினான். தள்ளாடியது. அரைத் திருகு இறக்கிவிட்டு, தகட்டை மூடி, திருநாளுக்கு ஒத்திகை பார்க்கப் போய்விட்டான்.