வளவை விட்டுத் தொடர்மாடிக்குப் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோண்டாவிலில் நாலு பரப்புக் காணிக்குள் இருந்த வீட்டை விட்டு, யாழ் நகருக்குள் ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடிக்கு அம்மாவும் அப்பாவும் போய் மூன்று வருடமாகிறது. அப்பாவுக்கு முழங்கால் வருத்தம். மாதத்தில் இரண்டு தரம் கிளினிக் போக வேண்டும். பிள்ளைகளில் நான் மட்டுந்தான் ஊரில் இருக்கிறேன். போனது சரியான முடிவு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் போன விதத்தில் கன பிழை விட்டோம். இப்போது எங்கள் ஒழுங்கையிலேயே இரண்டு குடும்பம் இதே யோசனையில் இருக்கிறது. அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் பிழை, அறைகளை மட்டும் எண்ணியது. "அங்கேயும் மூன்று அறை, இங்கேயும் மூன்று அறை" என்று திருப்திப்பட்டுக்கொண்டோம். நாலு பரப்பு என்றால் 40 பேர்ச், அதாவது 10,890 சதுர அடி. புது வீடு 950 சதுர அடி. எங்கள் ஊர் வீடுகளில் பாதிச் சீவியம் கூரைக்கு வெளியேதான் நடக்கிறது. மீன் வெட்டுவது கிணற்றடியில், மிளகாய் காய்வது முற்றத்தில், வந்தவரோடு கதைப்பது மாமரத்துக்குக் கீழே. இதெல்லாம் எங்கே போகும் என்று யாரும் யோசிக்கவில்லை. வீடு பார்க்கப் போவதற்கு முன் ஒரு கிழமைக்கு ஒரு கொப்பியை வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வெளியே செய்கிற ஒவ்வொரு வேலையையும் எழுதி வையுங்கள். புது இடத்தில் அதை எங்கே செய்வது என்று பக்கத்திலேயே குறியுங்கள். பதில் இல்லாத வரிகள்தான் பின்னர் வீட்டுக்குள் சண்டையாக வரும்.

தண்ணீரைக் குடித்துப் பார்க்காமல் வீடு எடுப்பது

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. மழைநீர் சுண்ணக்கல்லுக்குள் இறங்கித் தங்குவதைத்தான் நாங்கள் கிணற்றால் எடுக்கிறோம். அந்த நன்னீர் கீழே உள்ள உப்புநீருக்கு மேல் மெல்லிய படையாக நிற்கிறது. கரையை நெருங்க நெருங்கப் படை மெலிகிறது, கூட இறைத்தால் உவர் ஏறுகிறது. கோண்டாவில், திருநெல்வேலிப் பக்கத்துக் கிணறுகளில் இருந்துதான் நகருக்கே நெடுங்காலமாகக் குழாயில் தண்ணீர் போனது. அந்தத் தண்ணீரில் வளர்ந்த அம்மா, தொடர்மாடிக்குப் போன இரண்டாம் நாள் காலையில் கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளை, தேத்தண்ணி வாயில வைக்கேலாமக் கிடக்கு."

கட்டடத்தின் குழாய்க் கிணற்றுத் தண்ணீர் உவர். விற்றவரிடம் தண்ணீர் வசதி பற்றிக் கேட்டிருந்தோம், "24 மணி நேரமும் வரும்" என்றார். வந்தது உண்மைதான். எப்படிப்பட்ட தண்ணீர் என்று நாங்கள் கேட்கவில்லை.

ஆகவே வீடு பார்க்கப் போகிறபோது ஒரு போத்தலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து, வீட்டில் தேத்தண்ணீர் போட்டுக் குடித்துப் பாருங்கள். சோறும் பருப்பும் அவித்துப் பாருங்கள். கோடையில் ஒரு தரம் பார்ப்பது நல்லது, மாரியில் எல்லாக் கிணறும் கொஞ்சம் நல்லாகவே இருக்கும். நைத்திரேற்று அளவையும் சோதிப்பியுங்கள், அது நாக்குக்குத் தெரியாது. குடாநாட்டில் தோட்டப் பசளையாலும் மலசலகூடக் குழிகளாலும் அது நிலத்தடி நீரில் கூடுதலாகக் காணப்படுகிற இடங்கள் உண்டு. பேரப்பிள்ளை கைக்குழந்தையாக இருந்தால் இதை விடவே கூடாது.

2024 ஓகஸ்டில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளுக்கு 24,000 கன மீற்றர் கொள்ளளவு உள்ளது. அந்தக் குழாய் இணைப்பு உங்கள் கட்டடத்துக்கு வந்துவிட்டதா, "வரும்" என்ற நிலையில் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். மேல் தாங்கி எத்தனை லீற்றர், எத்தனை வீட்டுக்கு, அதை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கழுவுகிறார்கள் என்பதும் கேட்க வேண்டியவை.

உரலையும் அலுமாரியையும் தூக்கிக்கொண்டு போவது

அம்மம்மாவின் முதிரை அலுமாரி லிஃப்டுக்குள் போகவில்லை. படிக்கட்டுத் திருப்பத்திலும் போகவில்லை. மூன்று பேர் ஒரு மத்தியானம் முழுக்க மல்லுக்கட்டி, கடைசியில் திரும்பக் கோண்டாவிலுக்கே கொண்டுபோனோம். லிஃப்டின் கதவையும், படி திரும்பும் இடத்தையும், வீட்டு வாசலையும் நாடாவால் அளந்த பிறகுதான் எதைக் கொண்டுபோவது என்று முடிவெடுக்க வேண்டும்.

உரலைப் பற்றி வேறு கதை. அது உள்ளே போய்விட்டது. அம்மா மா இடித்த முதல் நாளே கீழ் வீட்டு அக்கா மேலே வந்துவிட்டார். அவர் சண்டைக்கு வரவில்லை. கைக்குழந்தை திடுக்கிட்டு எழும்புகிறது என்று தன்மையாகத்தான் சொன்னார். நிலத்தில் வைத்து இடிக்கும்போது மண் வாங்கிக்கொள்ளும் அதிர்வை, கொங்கிறீற் தளம் அப்படியே கீழே இறக்கிவிடும். இப்போது மா மில்லில்தான். தூளுக்கு மிளகாய் வறுப்பதும் அப்படித்தான், நெடி நடைபாதை முழுக்க நிற்கும். கோண்டாவில் வீட்டிலேயே வறுத்து எடுத்துக்கொண்டு வருகிறோம். விறகடுப்பும் பொச்சுமட்டையும் முடியவே முடியாது, முழுக்க எரிவாயு. அதனால் சிலிண்டரை எங்கே வைக்கச் சொல்கிறார்கள், காற்றோட்டம் எப்படி என்று பாருங்கள். 2021 கடைசியில் நாட்டில் அடுத்தடுத்து எரிவாயு வெடிப்புகள் நடந்ததை மறக்கக் கூடாது. குழாயையும் றெகுலேற்றரையும் புதிதாகவே வாங்குங்கள்.

வடகமும் மோர்மிளகாயும் காயப் போட மேல்தட்டைத் திறந்து தருவார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். எங்கள் கட்டடத்தில் பூட்டித்தான் வைத்திருக்கிறார்கள், கேட்டால் திறப்புத் தருவார்கள்.

நல்லது கெட்டதை யோசிக்காமல் விடுவது

தைப்பொங்கலுக்கு முற்றத்தில் கோலம் போட்டு, மூன்று கல் வைத்து, சூரியனைப் பார்த்துப் பொங்கிப் பழகியவர்கள் நாங்கள். முதல் வருடம் அம்மா குசினிக்குள் காஸ் அடுப்பில் பொங்கினார். அன்று முழுக்க அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வருடம் நான் குடியிருப்பாளர் கூட்டத்தில் கேட்டேன். கீழே வாகனம் விடும் இடத்தை விடிய இரண்டு மணித்தியாலம் ஒதுக்கித் தந்தார்கள், ஏழு வீட்டுப் பானை வரிசையாகப் பொங்கியது. கேட்டிருந்தால் முதல் வருடமே கிடைத்திருக்கும்.

செத்தவீட்டைப் பற்றியும் கேட்க வேண்டும். கேட்கக் கூச்சமாக இருக்கும், தெரியும். ஆனால் வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். எங்கள் வழக்கத்தில் உடலை வீட்டில் வைத்துத்தான் கிரியை செய்வோம், பந்தல் போடுவோம், ஊர் வந்திருக்கும். மூன்றாம் மாடியில் அது எப்படி? பெட்டி லிஃப்டில் போகுமா? பொது இடத்தில் வைக்க விதி இடம் தருமா? எங்கள் அப்பா இதைத் தானே எழுப்பினார்: "என்னைக் கோண்டாவிலுக்குக் கொண்டுபோங்கோ, அங்க முத்தம் கிடக்கு." அந்த ஒரு வசனத்தால்தான் பழைய வீட்டை விற்காமல் வைத்தோம்.

உறுதியை வடிவாகப் பார்க்காமல் காசு கட்டுவது

காணி உறுதி பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தொடர்மாடி உறுதி புதிது. இதற்கு 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. கட்டடத்தின் தொடர்மாடிப் பிளான் காணிப் பதிவகத்தில் பதியப்பட்ட பிறகுதான் உங்கள் வீடு தனி ஆதனமாகிறது. அதற்கு முன் உங்கள் கையில் இருப்பது ஒப்பந்தம் மட்டும். மாநகர சபையின் கட்டட அனுமதியையும், கட்டி முடித்தபின் தரும் இணக்கச் சான்றிதழையும் கேட்டு வாங்கி, உங்கள் சொந்த நொத்தாரிசிடம் காட்டுங்கள். விற்பவர் கூட்டிவருகிற நொத்தாரிசை நம்பிக் கையெழுத்து வைக்காதீர்கள்.

படி, லிஃப்ட், கூரை, தாங்கி எல்லாம் எல்லோருக்கும் பொது. அதைப் பராமரிக்கும் மாதக் காசு நீங்கள் சாகும் வரை நிற்காது. வீட்டு விலையைக் கேட்கிற அன்றைக்கே அதையும் கேளுங்கள், கடந்த வருடக் கணக்கையும் பாருங்கள்.

ஜெனரேற்றர் லிஃப்டுக்கும் ஓடுமா, வெறும் நடைபாதை விளக்குக்கு மட்டுமா என்பதும் முக்கியம். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்ற நாடு இது. முழங்கால் வருத்தக்காரருக்கு மூன்றாம் மாடி என்பது மின்சாரம் இருக்கும்வரைதான். நல்லூர்ப் பக்கம் வீடு பார்க்கிறவர்கள், 25 நாள் திருவிழாவில் கோயிலைச் சுற்றி வீதி மறித்திருக்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

பழைய வீட்டைப் பூட்டிவிட்டுப் போவது

விற்பதாக இருந்தால் தேசவழமையை, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டத்தை, நினைவில் வையுங்கள். பங்கு பிரிக்காத காணி என்றால் 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி மற்றப் பங்காளிகளுக்கு வாங்கும் முன்னுரிமை உண்டு, அறிவித்தல் கொடுக்காமல் வெளியாருக்கு விற்றால் வழக்கு வரும். அம்மாவின் சீதன வீடாக இருந்தாலும் விற்க அப்பாவின் எழுத்துச் சம்மதம் தேவைப்படும். புது வீட்டுக்கு முற்பணம் கட்டிவிட்டுப் பிறகு இதைத் தெரிந்துகொண்டு தவிக்கிறவர்களைக் கண்டிருக்கிறேன்.

விற்காமல் வைப்பதென்றால் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். முதல் ஆறு மாதம் நாங்கள் அதைத்தான் செய்தோம். கூரை வளையில் கறையான் ஏறிவிட்டது. இறைக்காத கிணறு பச்சை பிடித்து மணத்தது. கூரைப் பீலியில் சருகு அடைத்துத் தண்ணீர் நின்று நுளம்பு பெருகியது. பிறகு தெரிந்த ஒரு குடும்பத்தை வாடகை இல்லாமல் இருக்க விட்டோம், ஆனால் எழுதித்தான் விட்டோம். பத்து வருடம் தடையில்லாமல் உரியவருக்கு எதிராக ஆட்சி செய்தவர் உரிமை கோரலாம் என்று 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புச் சட்டம் சொல்கிறது. எங்கள் அனுமதியோடு இருக்கிறார்கள் என்று இரு பக்கமும் கையெழுத்து வைத்த ஒரு கடிதம் பின்னால் வரும் பிணக்கைத் தடுக்கும். உறவினர் என்றாலும் எழுதுங்கள்.

இப்போது அங்கே இருக்கிற குடும்பத்துத் தங்கச்சி விடிய எழும்பிக் கிணறு இறைக்கிறா, முருங்கையையும் தேசிக்காயையும் எடுத்துக்கொள்கிறா. கறுத்தக்கொழும்பான் மாமரம் மட்டும் எங்களுக்கு. சனிக்கிழமைகளில் அம்மாவை ஓட்டோவில் கூட்டிக்கொண்டு போவேன். வாளியைத் தானே விட்டு அள்ளி, தேத்தண்ணிக்கென்று 20 லீற்றர் கானை நிரப்பிக்கொண்டு வருவார்.