கலிபோர்னியாவின் கும்பல் தடையாணையைப் பரிசீலிப்பது எப்படி?

கலிபோர்னியா நகரங்கள் தெருக்கும்பல்களுக்கு எதிராக நீதிமன்றத்தில் பெறும் தடையாணையைக் கையில் எடுப்பவர்கள், தடுக்கப்பட்ட செயல்களின் நீண்ட பட்டியலையே முதலில் படிக்கிறார்கள். அதைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, ஒருவரின் பெயர் எந்த வழியில் ஆணைக்குள் வந்தது என்று பாருங்கள். அரசியலமைப்புச் சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

இது 'பொதுத் தொல்லை', அதாவது கும்பலின் செயல்கள் பொதுமக்களின் அமைதியான வாழ்வைக் கெடுக்கின்றன என்ற அடிப்படையில் தொடுக்கப்படும் உரிமையியல் வழக்கு. ஆகவே குற்றவழக்கில் அரசு அமர்த்தித் தரும் வழக்கறிஞர் இதில் பொதுவாகக் கிடைப்பதில்லை; ஆணையை மீறினாலோ ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு. வழக்கு கும்பலின் பெயரில் மட்டும் தொடுக்கப்பட்டதா, தனிநபர்களும் பிரதிவாதிகளா, அவர்களுக்கு வாதாட வாய்ப்பு இருந்ததா என்பதை வழக்கு ஆவணங்களில் சரிபார்க்க வேண்டும். ஆரஞ்சு நகர வழக்கில், எதிர்த்து வாதாட முன்வந்தவர்களை அரசுத்தரப்பு தானே வழக்கிலிருந்து விலக்கியது; பிறகு கும்பலுக்கு எதிராகப் பெற்ற ஆணையை அவர்களிடமே சார்வு செய்தது, அதாவது முறைப்படி ஒப்படைத்தது. இந்தச் சாமர்த்தியம் முறையான சட்ட நடைமுறைக்கான உரிமையை மீறியது என்று 2013இல் ஒன்பதாவது வட்டாரக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் ஆணைகளிலும் 2018இல் கூட்டாட்சி நீதிமன்றம் இதே கேள்வியை எழுப்பி, அவற்றின் அமலாக்கத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது.

அடுத்தது சான்று. ஒருவர் கும்பலின் உறுப்பினர் என்பது தெளிவான, நம்பத்தகுந்த சான்றால் மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்றும், பெயரளவிலான தொடர்பு போதாது என்றும் எங்கல்பிரெக்ட் வழக்கில் 2001இல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் வரையறுத்தது. பச்சை குத்தியிருப்பதும் உறவினரோடு நிற்பதும் மட்டுமே சான்றாக இருந்தால், அங்கே அழுத்திக் கேள்வி கேளுங்கள்.

தடுக்கப்பட்ட செயல்களின் பட்டியலை எதிர்ப்பது கடினம். சான் ஹோசேயின் ராக்ஸ்பிரிங்ஸ் பகுதி தொடர்பான அக்குன்யா வழக்கில் 1997இல் மாநில உச்ச நீதிமன்றம், கும்பலினர் பொதுவிடத்தில் சேர்ந்து நிற்பதைத் தடுக்கும் பிரிவைச் செல்லுமென்றது. உடனிருப்பவர் உறுப்பினர் என்று பிரதிவாதிக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்ற வரம்பை மட்டும் அதில் சேர்த்துப் பொருள்கொண்டது. கும்பலினர் பொதுவிடத்தில் வெறுமனே கூடி நிற்பதைத் தடுத்த சிகாகோ நகரச் சட்டத்தைத் தெளிவின்மைக்காக 1999இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததைப் பலர் இங்கே மேற்கோள் காட்டுகிறார்கள். அது ஊர் முழுவதற்குமான சட்டம், இது பெயர் குறித்த ஆணை என்ற வேறுபாட்டுக்கு விடை சொல்லாமல் அந்த வாதம் நிற்காது.

கடைசியாக, ஆணைக்குக் காலவரம்பு உண்டா, கும்பலை விட்டு விலகியவர் தம் பெயரை நீக்கக் கோரும் வழி அதில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.