ரியாக்ட்டில் வெப்சாக்கெட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெப்சாக்கெட் என்பது ப்ரௌசருக்கும் சர்வருக்கும் நடுவே திறந்தே இருக்கும் இருவழி இணைப்பு. ரியாக்ட்டில் (திரைகளைக் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) முதன்முதலாக அதை எழுதுகிறவர்களின் நிரலை ரிவ்யூ செய்யும்போதெல்லாம், ஒரு காலத்தில் நாங்கள் எழுதிய அதே பிழைகள் வரிசை மாறாமல் வந்து நிற்கின்றன. முகவரியைத் தப்பாக எழுதுவது, ஜேசனைப் பார்ஸ் செய்ய மறப்பது எல்லாம் கன்சோலே காட்டிக்கொடுத்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மூடிய கனெக்‌ஷன் திரும்பி வருவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். ஒரு சாட் திரை. ஓர் அறையிலிருந்து வேறோர் அறைக்குப் போய்த் திரும்பினால் ஒவ்வொரு செய்தியும் இரண்டு முறை வருகிறது. இன்னொரு தடவை போய்வந்தால் மூன்று. எழுதியவர் என்ன செய்திருந்தார் தெரியுமா? ஒரே ஐடி உள்ள செய்திகளைத் தள்ளிவிட ஒரு ஃபில்டர் போட்டிருந்தார். திரை சுத்தமாகிவிட்டது. சர்வரிலோ, பயனர்கள் கூடாமலே கனெக்‌ஷன்கள் மட்டும் ஏறிக்கொண்டே போயின. புதிதாக வருகிறவர்களுக்கு இடமில்லாமல் சர்வர் திணறிய பிறகுதான் யாரோ அந்த ஃபில்டரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

க்ளீனப் (காம்பொனென்ட், அதாவது திரையின் ஒரு துண்டு, விலகும்போது ரியாக்ட் ஓட்டும் ஃபங்ஷன்) எழுதவில்லையா என்றால், எழுதியிருந்தார். யூஸ்எஃபெக்ட்டின் க்ளீனப்பில் சாக்கெட்டை ஒழுங்காக க்ளோஸ் செய்திருந்தார். ஆனால் ஆன்க்ளோஸ், அதாவது சாக்கெட் மூடியதும் அழைக்கப்படும் ஃபங்ஷன், நாமே மூடினாலும் ஓடும். அவருடைய ஆன்க்ளோஸில், மூன்று வினாடி கழித்து மறுபடி இணைக்கச் சொல்லி ஒரு செட்டைம்அவுட். காம்பொனென்ட் போய்விட்டது, மூன்று வினாடியில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு புதுக் கனெக்‌ஷன் திறந்து, செய்திகள் சேரும் அதே ஸ்டோரில் அவற்றைக் கொட்டுகிறது. அதை மூட இனி எந்த க்ளீனப்பும் வராது.

க்ளோஸ் கோட் (எப்படி மூடியது என்று சொல்லும் எண்) 1000, அதாவது இயல்பாக மூடியது என்றால் ரீகனெக்ட் வேண்டாம் என்று எழுதினால் போதாதா என்பார்கள். போதாது. கோட் எதுவும் தராமல் மூடினால் பெரும்பாலும் 1005 வரும். இணைந்துகொண்டிருக்கும்போதே மூடினால் 1006. ஆகவே க்ளீனப்பில் முதலில் ‘நாம்தான் மூடுகிறோம்’ என்று ஒரு ஃபிளாக், அடுத்து காத்திருக்கும் டைமருக்கு க்ளியர்டைம்அவுட், அப்புறம்தான் க்ளோஸ். ஆன்க்ளோஸ் அந்த ஃபிளாகைப் பார்த்துவிட்டுத்தான் டைமரைத் தொட வேண்டும்.

சோதிப்பது சுலபம். குரோமில் நெட்வொர்க் டேபைத் திறந்து வெப்சாக்கெட்டுகளை மட்டும் காட்டச் சொல்லுங்கள். அறை மாறி மாறிப் போய்வாருங்கள். ஸ்டேட்டஸ் 101, டைம் பத்தியில் ‘பெண்டிங்’ என்று நிற்கும் வரிகள் கூடிக்கொண்டே போனால் கசிவு இருக்கிறது. 2022-இல் வந்த ரியாக்ட் 18, ஸ்ட்ரிக்ட் மோடில் ஒவ்வொரு காம்பொனென்ட்டையும் டெவலப்மென்ட்டில் ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றுவதே இந்த மாதிரிப் பிழையை முதல் நாளே காட்டத்தான். ‘ரியாக்ட் இரண்டு தடவை இணைக்கிறது’ என்று ஸ்ட்ரிக்ட் மோடைக் கழற்றிப் போடுகிறவர்களை என்ன சொல்ல!

என்னைக் கேட்டால், பல திரைகளுக்கும் தேவைப்படும் சாக்கெட் காம்பொனென்ட்டுக்குள் இருக்கவே கூடாது. தனி மாட்யூலில் ஒன்றே ஒன்று. காம்பொனென்ட்டுகள் அதில் கேட்கச் சேரட்டும், போகும்போது விலகட்டும்.

டிபென்டென்சியில் ஆப்ஜெக்ட்

யூஸ்எஃபெக்ட்டின் டிபென்டென்சி பட்டியலில் இருப்பது மாறினால் அது மறுபடி ஓடும். ரெண்டருக்குள் (காம்பொனென்ட்டை வரையும்போது) உருவாக்கிய ஆப்ஜெக்ட் ஒவ்வொரு தடவையும் புதியது. ஒவ்வொரு ரெண்டரிலும் கனெக்‌ஷன் அறுந்து சேரும். அறை ஐடி மாதிரி சாதாரண மதிப்பை மட்டும் கொடுங்கள்.

எல்லோரும் ஒரே வினாடியில் ரீகனெக்ட்

சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் அத்தனை ப்ரௌசர்களும் ஒன்றாக வந்து மோதும். காத்திருப்பு 1, 2, 4 வினாடி என்று ஒரு வரம்பு வரை வளரட்டும். அதோடு கொஞ்சம் ரேண்டம் நேரமும் சேர்க்க வேண்டும்.

ரெடிஸ்டேட் 1 என்பதை நம்புவது

சாக்கெட்டின் ரெடிஸ்டேட் 1 என்றால் திறந்திருக்கிறது என்று பொருள். நெட் போன பிறகும் அது கொஞ்ச நேரம் 1 என்றே காட்டும். ப்ரௌசரின் வெப்சாக்கெட் ஏபிஐயில் பிங் (இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று கேட்பது) அனுப்ப வழி இல்லை. அதனால் நாமே ஒரு சின்னச் செய்தி அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். நடுவில் என்ஜின்எக்ஸ் (சர்வருக்கு முன்னால் நிற்கும் ப்ராக்ஸி) இருந்தால், சர்வரிடமிருந்து 60 வினாடி எதுவும் வராத கனெக்‌ஷனை அதன் இயல்பு அமைப்பே அறுத்துவிடும்.

யூஆர்எல்லில் டோக்கன்

பயனரை அடையாளம் காட்டும் டோக்கனை அங்கே வைக்க வேண்டாம். சர்வர் லாகில் அப்படியே பதிவாகும்.

இடையில் தவறிய செய்திகள்

ரீகனெக்ட் ஆனதும் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். துண்டித்திருந்த நேரத்தில் வந்ததை வெப்சாக்கெட் தானாகத் தராது. கடைசியாகப் பார்த்த ஐடியைச் சொல்லி நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். சர்வரிலிருந்து மட்டும் செய்தி வந்தால் போதுமென்றால் ப்ரௌசரிலேயே இருக்கும் ஈவென்ட்சோர்ஸ் ஏபிஐயைப் பாருங்கள். அது தானாகவே ரீகனெக்ட் ஆகி, சர்வர் செய்தியோடு ஐடி தந்திருந்தால் கடைசி ஐடியையும் அனுப்பிவிடும். ஆனால் ஹெச்டிடிபி 1.1-இல் ப்ரௌசர் தருவது ஒரு டொமைனுக்கு 6 கனெக்‌ஷன்தான் என்பதால், ஏழாவது டேபைத் திறந்தால் அது சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். ஹெச்டிடிபி 2-க்கு மாறினால் அந்தத் தொல்லை இல்லை.